கொழும்பில் முதல் ஃபோம் கிளைடர்: முதலில் மைதானத்தை அளந்து பாருங்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: வெள்ளவத்தையில் வீடு. பதினான்கு வயது மகனோடு சேர்ந்து பழக ஒரு ரேடியோ கிளைடர் வேண்டும், அதாவது மோட்டரால் மேலேறி, பிறகு மோட்டரை நிறுத்தி மிதந்து இறங்கும் விமானம். இருவரும் இதற்கு முன் எதையும் பறக்கவிட்டதில்லை. சனி, ஞாயிறு காலையில் பாடசாலைக் கிரிக்கெட் மைதானம் ஒன்று கிடைக்கும். அதன் ஒரு பக்கம் தென்னைகள், மறுபக்கம் மதிலும் வீதியும். மனதில் இருப்பவை மூன்று (மீற்றர் என்பது இறக்கையின் நுனியிலிருந்து நுனி வரை): ஏலரோனும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு) ஃபிளாப்பும் (இறங்கும்போது கீழே தாழ்த்தும் இறக்கைத் தகடு) உள்ள 2.6 மீற்றர் கிளைடர், 2 மீற்றர் ரேடியன், 1.5 மீற்றர் பிக்ஸ்லர். எதை வாங்குவது?

அந்த மைதானம்தான் என்றால் பிக்ஸ்லர், அல்லது அதே வகையைச் சேர்ந்த மல்டிப்ளெக்ஸ் ஈஸிஸ்டார். ரேடியன் அருமையான விமானம்தான், ஆனால் அதற்கு இதைவிடப் பெரிய வெளி வேண்டும். 2.6 மீற்றர் இப்போதைக்கு வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன். கடையில் இந்த மூன்றும் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தாலும் நீங்களே பார்த்துத் தீர்மானிக்க அவை உதவும்.

கிளைடர் வாங்கும்போது எவ்வளவு நேரம் மிதக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பழகுபவருக்கு அதைவிட முக்கியம், எவ்வளவு இடத்துக்குள் இறங்கும் என்பது. நல்ல 2 மீற்றர் ஃபோம் கிளைடர் மோட்டரை நிறுத்திய பிறகு 1 மீற்றர் உயரம் இழப்பதற்குள் 10 மீற்றருக்கு மேல் முன்னே போய்விடும். தென்னை 15 மீற்றர் உயரம் என்று வையுங்கள். அதன் மேலாக வந்து தரையைத் தொட, மரத்தடியிலிருந்து 150 மீற்றர் வேண்டும். பெரிய கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுகளத்திலிருந்து எல்லைக்கோடு 65, 70 மீற்றர்தான். குறுக்கே முழுவதும் 140. பாடசாலை மைதானங்கள் பல அதைவிடச் சிறியவை. போதாததற்கு, கடைசி ஒரு மீற்றர் உயரத்தில் நீண்ட இறக்கை தரையை ஒட்டி இன்னும் கொஞ்சத் தூரம் மிதக்கும். கணக்குப்படி அந்த விமானம் உங்கள் மதிலைத் தாண்டி வீதியில்தான் இறங்கும்.

எதிர்க்காற்று இருந்தால் தூரம் குறையும் என்பது உண்மை. விநாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் வரும் விமானத்துக்கு 3 மீற்றர் எதிர்க்காற்று கிடைத்தால் அந்த 150 மீற்றர் ஏறத்தாழ 95 ஆகும். ஆனால் பழகும் காலத்தில் நீங்கள் தேடிப் போகப் போவது காற்றே இல்லாத காலை நேரத்தைத்தான். அப்போது இந்த உதவி கிடைக்காது. அனுபவம் உள்ளவர்கள் தென்னைப் பக்கமாக வராமல், மைதானத்தின் நீளப் பக்கமாக, பாம்பு வளைவது போல இரண்டு மூன்று தரம் வளைந்து உயரத்தைக் கரைத்து இறக்குவார்கள். தரைக்கு அருகில் அப்படி வளைப்பது முதல் மாதத்தில் செய்யும் வேலை இல்லை.

பிக்ஸ்லர், ஈஸிஸ்டார் வகையில் மோட்டர் இறக்கைக்கு மேலே, பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். மோட்டர் நின்றதும் புரொப்பெல்லர் ரேடியனில் போல உடலோடு மடியாது, உடலும் பருத்தது. சுத்தமான கிளைடர் ஆர்வலருக்கு இவை குறைகள். உங்களுக்கோ இவைதான் வசதி: இழுவை கூடுதலாக இருப்பதால் அதே உயரத்திலிருந்து கிட்டவே இறங்கும், வளையும் வட்டமும் சிறியது. மூக்கு நுனியில் மோட்டரோ புரொப்பெல்லரோ இல்லை, வெறும் ஃபோம். மூக்குக் குத்தினால் நசுங்கும், அவ்வளவுதான். ரேடியன் போல முன்னால் மோட்டர் உள்ளதில் அதே அடி விழுந்தால் மோட்டர் தண்டு வளையும், மோட்டர் திருகப்பட்டிருக்கும் தட்டு உடலை விட்டுக் கழரும், புரொப்பெல்லர் பிளேட் உடையும். இங்கே பிளேட் ஒன்றுக்காக வாரக் கணக்கில் காத்திருக்க நேரலாம்.

இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு, முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மோட்டர் உயரத்தில் இருப்பதால், திடீரென்று முழு வேகம் கொடுத்தால் மூக்குக் கீழே போகும். நிறுத்தினால் மேலே எழும். இறங்கும்போது பிழைத்துவிட்டது, மறுபடி மேலே போகலாம் என்று 2 மீற்றர் உயரத்தில் த்ராட்டிலை (மோட்டர் வேகத்துக்கான ஸ்டிக்) ஒரேயடியாகத் தள்ளுபவர் நேராகத் தரையில் குத்துவார். இரண்டு விநாடி எடுத்துத் தள்ளுங்கள், கூடவே எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஸ்டிக்கால் சற்று இழுத்துப் பிடியுங்கள். இதை 50 மீற்றர் உயரத்தில் பத்துத் தரமாவது செய்து கை பழகிய பிறகே தாழ்வாக வாருங்கள்.

இனி அந்த 2.6 மீற்றர். இறக்கை நீள நீள ஏலரோனின் ஒரு தொல்லை பெரிதாகும்: வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் இழுபடும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு திருப்பத்திலும் ரடரையும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) சேர்த்து அசைக்க வேண்டும். புதியவர் அதைச் செய்யமாட்டார். விமானம் வேகம் இழந்து ஒரு இறக்கை நுனி கீழே விழும், சுழலும். தரையைத் தொடும்போது கீழே இறங்கி நிற்கும் ஃபிளாப் புல்லில் மாட்டி, அதை அசைக்கும் 9 கிராம் சிறு மோட்டரான சேர்வோவின் பிளாஸ்டிக் பற்கள் உடையும். ஃபிளாப் இறங்கும் பாதையைச் செங்குத்தாக்கும் என்பதால் சின்ன மைதானத்துக்கு ஏற்றதுதானே என்று கேட்கலாம். பழகிய கைக்கு நிச்சயமாக ஏற்றது. ஆனால் ஃபிளாப்பை இறக்கியவுடன் மூக்கு எழும், அதற்கு ஈடாக எலிவேட்டரைக் கலந்து ரேடியோவில் அமைக்க வேண்டும், அந்த அளவைப் பறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இன்னும் பறக்கத் தெரியாதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஏலரோனே இல்லாத விமானம் பழகுவதற்கு இன்னும் எளிது. பழைய ஈஸிஸ்டாரும் ரேடியனும் ரடர், எலிவேட்டர், த்ராட்டில் என்று மூன்று சானல் (தனித்தனிக் கட்டுப்பாடு) மட்டும் உள்ளவை. இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருப்பதால் கையை விட்டால் தானாக நேராகும். பயந்துபோய் ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் அசைப்பதுதான் முதல் நாட்களில் விமானங்களை உடைக்கிறது; கையை எடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தப் பதற்றத்தை அடக்கும். பிக்ஸ்லரில் ஏலரோன் உண்டு, ஆனால் அதன் இறக்கையும் சற்று மேல்நோக்கி இருப்பதால் அதுவும் நிதானமாகவே நடந்துகொள்ளும். தகடுகளின் அசைவைக் கையேடு சொல்லும் குறைந்த அளவில் வையுங்கள், ரேடியோவில் 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கை நடுவில் மென்மையாக்கும் அமைப்பு) சேருங்கள். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் உங்கள் மகனுக்கு நான் அந்தப் பழைய ஈஸிஸ்டாரைத்தான் சொல்வேன்.

பெயர் தெரியாத விமானம் ஒன்று கடையில் இருந்தால் எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். எடை கிராமில், பரப்பு சதுர டெசிமீற்றரில். 850 கிராம் எடையும் 34 சதுர டெசிமீற்றர் பரப்பும் என்றால் 25 வரும், மெதுவாகப் பறக்கும். 35க்குக் கீழே இருந்தால் பழகலாம். 45, 50 என்று வந்தால் அது வேகமாகத்தான் இறங்கும், உங்கள் மைதானத்துக்கு ஆகாது. பெட்டியில் உள்ள படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஃபோமிலும் வகை உண்டு. நாம் ரிஜிபோம் என்று சொல்லும் வெள்ளை மணிமணியான பொருள் இலேசானது, மலிவானது, ஆனால் அடிபட்டால் துண்டுதுண்டாகும். சாதாரண சூப்பர் குளூ பட்டால் கரைந்தே போகும். ஈபிஓ என்பது அதைவிட இறுக்கமானது, நசுங்கும், உடைந்தாலும் சுத்தமாக இரண்டாக உடையும், சூப்பர் குளூவால் ஒட்டலாம். மல்டிப்ளெக்ஸ் தனது ஃபோமை எலபோர் என்று அழைக்கிறது. ஈபிபி இரப்பர் போல வளையும், உடைப்பதே கடினம், ஆனால் எடை கூட. பழகுவதற்கு ஈபிஓ போதும். வொலன்டெக்ஸ் ஃபீனிக்ஸ் 2000 போலச் சிலவற்றில் உடல் மட்டும் பிளாஸ்டிக். புல்லில் உரசுவதைத் தாங்கும், ஆனால் வெடித்தால் ஃபோமைப் போல எளிதில் ஒட்டாது.

எந்த நிலையில் விற்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். எல்லாம் சேர்ந்த பெட்டியில் ரேடியோ, பற்றரி, சார்ஜர் வரை இருக்கும்; ஆனால் கூட வரும் ரேடியோ அடுத்த விமானத்துக்குப் பெரும்பாலும் பயன்படாது. மோட்டரும் சேர்வோக்களும் பொருத்திய விமானத்தைத் தனியாக வாங்கி, ஆறு சானல் ரேடியோ ஒன்றைத் தனியாக வாங்குவதே நல்லது. ஃப்ளைஸ்கை ஐ6 பலர் தொடங்கும் ரேடியோ, விமானத்துக்குள் வைக்கும் அதன் ரிசீவரும் விலை குறைவு. வாங்குமுன் உங்களுக்குச் சொல்லித்தரக்கூடியவர் மோட் 1 பாவிக்கிறாரா மோட் 2 பாவிக்கிறாரா என்று கதைத்துப் பாருங்கள். மோட் 2இல் த்ராட்டில் இடது கையில், எலிவேட்டர் வலது கையில். ஒன்றில் பழகிய கை மற்றதுக்கு மாறுவது மிகக் கடினம். அவசரத்தில் ரேடியோவை வாங்கி உதவக்கூட அவரால் முடியாமல் போகும்.

பற்றரி மூன்று செல் லித்தியம் பொலிமர், 2200 எம்ஏஎச். இதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பாவிக்கலாம், அதாவது 1760. முழு வேகத்தில் மோட்டர் 15 ஆம்பியர் இழுத்தால் ஏழு நிமிடம் மோட்டர் ஓடும். 20 விநாடி ஏற்றம், பிறகு மோட்டரை நிறுத்தி ஏறத்தாழ ஒரு நிமிடம் இறக்கம் என்று போனால் ஒரு பற்றரியில் இருபது தரம் மேலேறலாம். மொத்தம் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பயிற்சி. சாதாரண மோட்டர் விமானத்தில் அதே பற்றரி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிளைடரில் பழகச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். செல் ஒன்று முழுதாக 4.2 வோல்ட், இறக்கியபின் 3.6க்குக் கீழே போகக் கூடாது, வீட்டில் வைக்கும்போது 3.8. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். படுக்கையிலோ மர அலுமாரியிலோ வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம், சீமெந்துத் தரையில் வையுங்கள். உப்பிப் பருத்த பற்றரியை மறுபடி பாவிக்கக் கூடாது.

கொழும்புக் காற்றைப் பற்றி. வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பும். அது வெள்ளவத்தைக்கு உடனே வந்துசேரும். எனவே காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நேரம் உங்களுடையது. இலை இலேசாகச் சலசலக்கிறது, முகத்தில் காற்று படுவது தெரிகிறது என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர், பறக்கலாம். சிறு கிளைகளும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து நின்றால் 12க்கு மேல்; பழகுபவர் அன்று வீட்டுக்குப் போகலாம். தென்னையோலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது சின்னக் காற்றுக்கும் ஆடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நல்ல நாட்கள் குறைவு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அமைதியான காலைகள் நிறையக் கிடைக்கும், தொடங்க அதுவே ஏற்ற காலம். காலிமுகத்திடலை நினைக்கவே வேண்டாம்: கடலிலிருந்து நேராக வரும் காற்று, கூட்டம், பட்ட நூல்கள், சுற்றிவரப் பாதுகாப்புக்குரிய கட்டடங்கள்.

அனுமதி விஷயத்தை விமானம் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆளில்லா விமானங்களுக்கான விதிகளை வைத்திருப்பது இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபை. கிளைடர் என்பதால் கணக்கில் வராது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு இவ்வகை விமானங்கள் பறப்பதே சில காலம் நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் கேள்வி கேட்கும் பொலிஸாரிடம் காட்டக் கையில் ஒரு கடிதம் இருப்பது நல்லது. உங்கள் பகுதிக்குத் தெற்கே கிட்டவே இரத்மலானை விமான நிலையமும் இருக்கிறது. உங்கள் மைதானத்தின் இடம், விமானத்தின் எடை, இறக்கை நீளம், பறக்கும் உயரம் ஆகியவற்றை எழுதி அதிகார சபையிடம் கேளுங்கள். பாடசாலை அதிபரின் எழுத்துமூல சம்மதமும் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் காசு கட்டுவதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சிடமும், ரேடியோவுக்காகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பெட்டி தங்கிவிட்டால் மீட்பது பெரும் அலைச்சல்.

விமானம் கைக்கு வந்ததும் முதல் வேலை எடைமையம் பார்ப்பது. கையேட்டில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீற்றர் என்று இருக்கும். அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பேனையால் குறி வையுங்கள். பற்றரியோடு, மூடியோடு, அந்தக் குறிகளில் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு மிகச் சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது: எலிவேட்டரைத் தொட்டவுடன் மூக்குத் துள்ளும், வேகம் போகும், புதியவரால் மீட்க முடியாது. பற்றரியை முன்னே தள்ளிப் பாருங்கள், போதாவிட்டால் மூக்கில் எடை சேருங்கள். வாலில் ஒட்டிய ஒவ்வொரு கிராம் பசைக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் வேண்டிவரும் என்பதால் வாலைத் திருத்தும்போது பசையைக் கஞ்சத்தனமாகவே பாவியுங்கள்.

பிறகு விமானத்தின் பின்னால் நின்று அசைவுகளைப் பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வல ஏலரோன் மேலே எழ வேண்டும், ரடர் வலப்பக்கம் போக வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. மறுபக்கமாக இணைத்த ஏலரோனோடு எறியப்பட்ட விமானம் ஐந்து விநாடி தாங்காது, ஆகவே ஒவ்வொரு முறையும் எறியுமுன் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இறக்கை முறுக்கும் தெரியும். ரேடியோவை அணைத்தால் மோட்டர் நிற்கிறதா என்பதை, விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க, புரொப்பெல்லருக்கு விலகி நின்று சோதியுங்கள்.

எறிவதில்தான் முதல் உடைப்பு நடக்கும். காற்றுக்கு எதிராக, மட்டமாக, ஈட்டி எறிவது போல நேராக விடுங்கள். மூக்கை வானத்துக்குக் காட்டி எறிந்தால் வேகம் இல்லாமல் ஒரு பக்கம் சரியும். ஒருவர் எறிய மற்றவர் இரண்டு கையும் ரேடியோவில் வைத்திருங்கள். நீங்கள் இரண்டு பேர் இருப்பது இதில் பெரிய வசதி. முக்கால் வேகத்தில் மோட்டர், எறிந்தபின் மூன்று விநாடி திருப்பக் கூடாது. 50 மீற்றருக்கு மேல் போய் மோட்டரை நிறுத்தி, கையை எடுத்தால் நேராகப் போகும்வரை ரேடியோவின் ட்ரிம் பொத்தான்களால் சரிசெய்யுங்கள். எப்போதும் உங்களுக்கு முன்னால், காற்று வரும் திசையில் வைத்திருங்கள். காற்றோடு பின்னால் போனால் திரும்பி வரப் பற்றரி போதாமலும் போகலாம். உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நேராகும். வீட்டில் கணினியில் ஒரு சிமுலேட்டர் போட்டு இந்த ஒன்றை மட்டும் மகன் பழகினாலே பாதி உடைப்பு குறையும். செம்பருந்து வட்டமிடும் இடத்தில் காற்று மேலெழும் என்பதும் நினைவிருக்கட்டும், பின்னால் உதவும். ஆனால் காகங்கள் கூட்டமாகத் துரத்தத் தொடங்கினால் இறக்கிவிடுங்கள்.

திருத்துவதற்குப் புறக்கோட்டையில் கிடைப்பவையே போதும்: ஈபிஓவுக்கு சூப்பர் குளூ, மோட்டர் தட்டுக்கு இரண்டு குழாய் எபொக்சி, நார் கலந்த பலமான ஒட்டுநாடா. நசுங்கிய மூக்கை கொதித்து இறக்கிய நீரில் சில விநாடி தோய்த்தால் ஃபோம் உப்பிப் பழைய வடிவத்துக்குக் கிட்ட வரும். சூட்டுப் பசைத் துப்பாக்கி இங்கே சரிவராது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகிக் கழரும். அதே காருக்குள் விட்டால் இறக்கையே முறுகும், பற்றரிக்கும் ஆபத்து. கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் கம்பிகளிலும் திருகுகளிலும் துரு சீக்கிரம் ஏறும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். விமானத்தோடு சேர்த்தே இரண்டு 9 கிராம் சேர்வோ, இரண்டு புரொப்பெல்லர், இன்னொரு பற்றரி வாங்கிவிடுங்கள்.

ரேடியன் எப்போது? மோட்டரை நிறுத்திய நிலையில் பிக்ஸ்லரைத் தொடர்ந்து பத்துத் தரம் ஆடுகளத்திலிருந்து 15 மீற்றருக்குள் இறக்க முடிகிறது, மகனும் தனியாக அதைச் செய்கிறான் என்றால், தாராளமாக. அதற்கு முன் 200 மீற்றராவது மரமில்லாத வெளி ஒன்றைத் தேடி அங்கும் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கியவுடன் மோட்டரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பிரேக் இயங்குகிறதா என்று பாருங்கள். பிரேக் இல்லாவிட்டால் மோட்டரை நிறுத்தினாலும் புரொப்பெல்லர் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும், மடியாது. மிதப்பும் போகும், இறங்கும்போது பிளேடும் போகும்.